பேரோட வேணுமா, பேரில்லாமலா?

கடிகாரத்தைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டுதான் மாதேஸ்வரி விலை பேசுவாள். எதிரில் நிற்பவர் என்ன கேட்டாலும் முதலில் ஒற்றை விரலை உயர்த்திக் காட்டுவாள். பொறு என்று அர்த்தம். தூசிக்குப் போட்ட முகக்கவசத்துக்கும் தலைத்துண்டுக்கும் நடுவே தெரியும் கண்கள் இரண்டும் பாதி மூடியிருக்கும். ஒரு பக்கம் ஒலிபெருக்கியில் செருப்பு விற்கிறான் ஒருவன். மறுபக்கம் பழைய டிரில்லிங் மெஷினை ஓடவிட்டுக் காட்டுகிறான் இன்னொருவன். அந்த இரைச்சலுக்குள் கடிகார முள்ளின் சத்தம் அவளுக்கு எப்படித்தான் கேட்கிறதோ, மாதேஸ்வர சாமிக்கே வெளிச்சம். கேட்டு முடித்ததும் கடிகாரம் காதிலிருந்து இறங்கும்.

"ஓடுது. இப்ப கேளுங்க, என்னா வேணும்?"

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையோரம், வீட்டுமனை என்று கல் நட்டு இன்னும் வீடு எழும்பாத ஒரு பொட்டலில் ஞாயிறுதோறும் இந்தச் சந்தை கூடுகிறது. பழைய செல்போன், பழைய ஸ்பானர், அறையைக் காலி செய்துவிட்டுப் போன வடநாட்டுப் பையன்களின் பக்கெட், அடுப்பு, மின்விசிறி என்று எல்லாமே அடுத்தவர் கை பட்ட சாமான். மாதேஸ்வரி விரித்திருக்கும் நீலத் தார்ப்பாயில் மட்டும் எல்லாம் புத்தம் புதிது. அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காத ஹாட்பாக்ஸ், எவர்சில்வர் தூக்கு, டிராலி பை, தோசைக்கல், சுவர்க்கடிகாரம். முதல் தடவை வருகிறவர்கள் சாமானைப் பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள், மறுபடி சாமானைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு அவள் பதில் தயாராக வைத்திருக்கிறாள்.

"திருட்டுச் சாமான் இல்லீங்க. இது கம்பெனி வச்ச சீரு."

சீர் என்று அவள் சொல்வது பொய்யில்லை. ஆயுதபூஜை வந்துவிட்டால் சிப்காட்டில் ஒவ்வொரு கம்பெனியும் தன் ஆட்களுக்கு ஏதாவது ஒரு பொருளைக் கொடுத்தாக வேண்டும். பொருளின் மேல் கம்பெனியின் பெயர் தங்க எழுத்தில் மின்னும். புருஷன் ஒரு கம்பெனி, பெண்டாட்டி ஒரு கம்பெனி, மைத்துனன் ஒரு கம்பெனி என்றால் ஒரே வாரத்தில் மூன்று ஹாட்பாக்ஸ் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்றிலும் போட்டு மூட அத்தனை சப்பாத்தி யார் சுடுவது? தனியாக அறையெடுத்துத் தங்கியிருக்கும் பையனுக்கோ, டின்னர் செட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியாது. அப்படிப்பட்டவர்கள் எல்லோரிடமும் மாதேஸ்வரியின் போன் நம்பர் இருக்கிறது.

வாரத்தில் ஆறு நாள் அவளும் சிப்காட்டில்தான். வண்டிக்கு ரப்பர் புஷ் செய்கிற கம்பெனியில் பேக்கிங். பதினாலு வருடமாகக் கான்ட்ராக்ட். அதே கேட், அதே மேஜை, அதே பெட்டி. கான்ட்ராக்டர் மட்டும் ஐந்து முறை மாறியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் மாதிரி போட்டோ ஒட்டி அப்ளிகேஷன் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்து மேஜையில் நேற்று வந்து பெர்மனென்ட் ஆனவள் ஆயுதபூஜைக்கு டிராலி பை இழுத்துக்கொண்டு போவாள். கான்ட்ராக்டுக்கு அரைக்கிலோ ஸ்வீட், கொஞ்சம் பொரி. ஊரிலுள்ள அத்தனை கம்பெனியின் பரிசும் மாதேஸ்வரியின் கையால் விலை போயிருக்கிறது. அவள் பெயருக்கென்று ஒரு டம்ளர் வந்ததில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்க மாட்டாள்.

கடை போட ஆரம்பித்த புதிதில் எல்லாப் பொருளிலும் கம்பெனியின் பெயரைத் துடைத்துவிட்டுத்தான் விற்றாள். தின்னர் போட்டால் பளபளப்பும் சேர்ந்து போய்விடுகிறது என்று கண்டுபிடித்து, ஃபேன்சி ஸ்டோரில் நகச்சாயம் அழிக்கிற திரவத்தை வாங்கினாள். சின்னப் பாட்டில், ஒரு உருண்டை பஞ்சு. இன்றைக்கும் அவள் கைப்பையில் பர்ஸ் இருக்கிறதோ இல்லையோ, இந்த இரண்டும் இருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து துடைப்பாள், கேன்டீனில் டீ ஆறுகிற நேரத்தில் துடைப்பாள். பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பிடித்துக்கொள்வது அவளுக்குக் கண்ணிலேயே படாது.

அப்புறம்தான் மத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். தார்ப்பாயில் வரிசையாக இருந்த கடிகாரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பேரு போட்டது இல்லியாம்மா?"

"பேரு எதுக்குங்க? துடைச்சி சுத்தமா வச்சிருக்கறன்."

"ஐயோ, துடைச்சிட்டியா? பேரு இருந்தா கூடவே குடுப்பனே. பையனுக்குப் பொண்ணு ஊட்டுக்காரங்க வர்றாங்கோ."

மாதேஸ்வரிக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் முகக்கவசத்துக்குள் அப்படிச் சிரித்தாள். பெண் வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்தால் முதலில் பார்ப்பது சுவரைத்தான். சுவரில் பெரிய கம்பெனியின் பெயர் போட்ட கடிகாரம் தொங்கினால், பையன் பெர்மனென்டா என்று வாய்விட்டுக் கேட்கிற சங்கடம் இல்லை. கடிகாரமே சொல்லிவிடும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். அதில் ஒரு பொய் இப்படிப் பெட்டியில் அடைத்து வருகிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றிலிருந்து தார்ப்பாயில் இரண்டு குவியல். வருகிறவரிடம் முதல் கேள்வியே, "பேரோட வேணுமா, பேரில்லாமலா?" என்பதுதான். கன்னடத்தில் கேட்பாள், தெலுங்கில் கேட்பாள், ஒடிசாக்காரனிடம் தன்னுடைய உடைந்த இந்தியில் கேட்பாள். பேரோடு இருப்பது விலை கூட. மனசாட்சி உறுத்தவில்லையா என்று பக்கத்துக் கடை ரத்தினவேல் ஒருநாள் கேட்டார். பழைய ஸ்பானர் விற்கிறவர். கொஞ்சம் நியாயம் பேசுகிற ஆள்.

"அண்ணா, பட்டுச்சேலை வாங்கறவ கோயிலுக்குக் கட்டறாளா கோர்ட்டுக்குக் கட்டறாளான்னு கடைக்காரன் கேக்கறானா? நான் கடிகாரம் விக்கறன். அது ஓடுதா ஓடலியான்னு கேளு, சொல்றன்."

ஆனாலும் அவளுக்கென்று ஒரு கோடு உண்டு. கம்பெனி டி-ஷர்ட்டை மட்டும் வாங்கவும் மாட்டாள், விற்கவும் மாட்டாள். "பாண்டம் வேற, உடுப்பு வேற. உடுப்பைப் போட்டுக்கினு எவனாச்சும் கேட்டுக்குள்ள பூந்துட்டா?" என்பாள். கழுத்தில் மாட்டுகிற அடையாள அட்டையின் கயிறும் அப்படித்தான். எந்தக் கம்பெனியில் பெர்மனென்டுக்கு என்ன நிறக் கயிறு, கான்ட்ராக்டுக்கு என்ன நிறம், டிரெய்னிக்கு என்ன நிறம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பஸ்ஸில் ஏறுகிறவனின் கழுத்தைப் பார்த்தே, இவனிடம் பரிசு இருக்கும், இவனிடம் வெறும் பொரிதான் என்று பிரித்துவிடுவாள்.

போன ஐப்பசியில், மழை விட்டு விட்டுத் தூறிய ஒரு ஞாயிறு, வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக ஒருவர் வந்தார். சிப்காட்டிலேயே பெரிய கம்பெனி ஒன்றின் கடிகாரத்தைக் கையில் எடுத்தார். கம்பெனியின் பெயரைச் சொன்னால் வம்பு, நமக்கெதற்கு. கடிகாரச் சட்டத்தின் அடிப்பட்டையில் தங்க எழுத்து, வெள்ளை முகம், பெரிய எண்கள். ஒரு மூலையில் மட்டும் சில்லு பெயர்ந்திருந்தது.

"மூலை ஒடைஞ்சிருக்குதேம்மா."

"இருங்கண்ணா." மாதேஸ்வரி கைப்பையைத் துழாவினாள். மகள் பிரவீனாவின் நகச்சாயப் பாட்டில் அதில் கிடந்தது. கருஞ்சிவப்பு. சட்டமும் கிட்டத்தட்ட அதே நிறம். பெயர்ந்த இடத்தில் இரண்டு இழுப்பு இழுத்து ஊதிக் காட்டினாள். "இப்ப தெரியுதா?"

அவர் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு விரலால் தங்க எழுத்தைத் தடவினார். "இந்தப் பேரு அழியாதில்ல?"

"பேரு ஓடாதுங்கண்ணா, முள்ளுதான் ஓடும்" என்றாள் அவள். காதில் வைத்து, விரலை உயர்த்தி, கண்ணைப் பாதி மூடிக் கேட்டுவிட்டுக் கொடுத்தாள். பேரோடு வாங்கும் எல்லோரிடமும் அவள் சொல்கிற வாக்கியம்தான் அது. அவர் சிரிக்கவில்லை. துண்டால் கடிகாரத்தைச் சுற்றிக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு தூறலில் நடந்து போனார்.

இந்த ஞாயிற்று வருமானம் எல்லாம் பிரவீனாவுக்குத்தான். அவள் பி.காம். படித்தது இந்தத் தார்ப்பாயில். இப்போது ஓசூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். மாதேஸ்வரியின் வீட்டுக்காரர் நல்லுசாமி குடோன் ஒன்றில் காவல். ஞாயிறும் அவருக்கு டியூட்டி என்பதால் சந்தைப் பக்கமே வந்ததில்லை. பெண்ணுக்கு இருபத்து மூன்று ஆனதும் தரகு பேசுகிற பாப்பம்மாளை வீட்டுக்கு அழைத்தார்கள். மாதேஸ்வரி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"நெலம் வேணாம், நகை கேக்கல, கலரு பாக்கல. மாப்பிள்ளை பெர்மனென்டா இருக்கணும். பதினாலு வருசமா நான் பட்டது போதும். எந்த மாசம் வர வேணாம்பான்னு எம்பொண்ணும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கினு ஒக்கார வேணாம்."

பிரவீனா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "பெர்மனென்டா கான்ட்ராக்டாங்கறது ஒன் கவலைம்மா. எனக்கு நேராப் பேசறவனா இருந்தாப் போதும்."

"நேராப் பேசறதை வச்சி லோன் குடுப்பானாடி?" என்று அம்மா வாயை அடைத்துவிட்டாள்.

தை பிறந்ததும் பாப்பம்மாள் இடத்தோடு வந்தாள். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் கிராமம். அப்பா வெங்கடப்பன், அம்மா மாரம்மா, ஒரே பையன் தினேஷ்குமார். அந்தப் பெரிய கம்பெனியில் பெர்மனென்ட் என்றாள். சிப்காட்டில் விசாரித்தால் அரை நாளில் தெரிந்துவிடும்தான். ஆனால் விசாரிக்கப் போனால் பெண்ணுக்கு இடம் பார்க்கிற சேதி மத்தியானத்துக்குள் பேக்கிங் செக்‌ஷன் முழுக்கப் பரவும். முதலில் வீட்டைப் பார்ப்போம், பிடித்தால் பிறகு விசாரிப்போம் என்று மாதேஸ்வரி முடிவு செய்தாள். பல வருடத்தில் முதல் முறையாக ஒரு ஞாயிறு தார்ப்பாய் விரிக்கவில்லை. பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, முகக்கவசமும் தலைத்துண்டும் இல்லாமல் பஸ் ஏறினாள். நல்லுசாமி லீவு சொல்லிவிட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாமல் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

புதிதாக வெள்ளையடித்த வீடு. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். வாசலில் கும்பிட்டு வரவேற்ற வெங்கடப்பனைப் பார்த்ததுமே எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று மாதேஸ்வரிக்குத் தோன்றியது. அவரோ யாரோ புது மனுஷியைப் பார்ப்பது போலத்தான், "வாங்கம்மா, வாங்க" என்றார். மாரம்மா கேசரியும் பஜ்ஜியும் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள். பெண் வீட்டார் யாரும் தொடவில்லை. சம்மதம் என்று ஆகாமல் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக் கூடாது; தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அது இரண்டு வீட்டுக்கும் தெரிந்த முறை என்பதால் யாரும் வற்புறுத்தவுமில்லை.

நல்லுசாமி மனைவியின் முழங்கையை மெல்ல இடித்துச் சுவரைக் கண்ணால் காட்டினார். முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியா? கம்பெனி கடிகாரம்."

அவள் பார்த்தாள். தங்க எழுத்து, வெள்ளை முகம், பெரிய எண்கள். இடது மூலையில் இரண்டு இழுப்புக் கருஞ்சிவப்பு. சொந்த மகளின் நகச்சாயம். பெண் இன்னும் இந்த வாசல்படி மிதிக்கவில்லை. அவள் விரலில் இருந்தது அதற்குள் வந்து சுவரில் ஏறியிருக்கிறது.

எழுந்து சத்தம் போட வேண்டும் போலக் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது? விற்றது யார்? பேரோட வேணுமா என்று கூவிக் கூவிக் கேட்டது யார்? இதே மாதிரி எத்தனை கூடத்தில் எத்தனை பெண்ணைப் பெற்றவள் இதே மாதிரி நிமிர்ந்து பார்த்து, நம்பி, கை நனைத்துவிட்டுப் போயிருப்பாள்? மாதேஸ்வரிக்கு வெட்கமாக இருந்தது. சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஊட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் வாயைத் திறக்கப் போகிற நேரத்தில் பையன் உள்ளிருந்து வந்து கடிகாரத்துக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். ஒல்லியான உடம்பு. மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான். கடிகாரத்தின் நேர்கீழே இருக்க அவனுக்கே பிடிக்கவில்லை போலிருந்தது. அதை அவள் கவனித்தாள்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறன். கழுத்துல மாட்டற கயிறு என்னா கலரு?"

வெங்கடப்பன் சிரித்துவிட்டார். "கயிறா? அது என்னமோ ஒரு கலரும்மா. கேக்கறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா?"

பையன் சிரிக்கவில்லை. அந்தக் கம்பெனியில் பெர்மனென்டுக்கு நீலம், கான்ட்ராக்டுக்குப் பச்சை. இந்தக் கூடத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். கேட்டவள் ஒருத்தி, கேட்கப்பட்டவன் ஒருவன். நீலம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா சொன்னதும் நிற்கும், கடிகாரம் சொன்னதும் நிற்கும். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். தெரிந்துகொண்டுதான் கேட்கிறாள் என்று அவனுக்கு விளங்கியதா என்பது அவளுக்குத் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பச்சைங்க அத்தை. ரெண்டு வருசமா பச்சைதான். மாத்துவாங்களான்னு சொல்ல முடியாதுங்க."

"பச்சை மகாலட்சுமிக்கு உகந்த கலரு" என்றாள் பாப்பம்மாள், தரகு கெட்டுவிடக் கூடாதே என்று. நல்லுசாமியும் ஆமாம் என்று தலையாட்டினார்.

கேசரியின் மேல் ஈ வந்து உட்கார்ந்தது, மாரம்மா விசிறினாள். பிறகு மாதேஸ்வரி எழுந்தாள்.

"கடிகாரத்துல ஒரே தூசியா இருக்குதுங்களே."

"விடும்மா. அதையெல்லாம் மருமவ வந்து துடைச்சிக்குவா" என்றார் வெங்கடப்பன்.

அவள் அதற்குள் எட்டிக் கழற்றிவிட்டாள். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழக்கம் எங்கே போகும்? கடிகாரம் தானாகக் காதுக்கு ஏறியது, ஒற்றை விரல் உயர்ந்தது, கண்கள் பாதி மூடின. ஓடுகிறது என்று தெரிந்து கண்ணைத் திறந்தபோது எதிரில் வெங்கடப்பனின் முகம் மாறியிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இல்லாத வேர்வையைத் துடைத்தார். ஐப்பசி மாதத்துத் தூறல் அவருக்கும் நினைவு வந்துவிட்டது.

அவள் கைப்பையைத் திறந்தாள். பாட்டில், பஞ்சு. கூடம் முழுக்க நகச்சாயக் கடையின் நெடி பரவியது. "என்னாடி பண்ற?" என்று நல்லுசாமி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது அவள் காதில் ஏறவில்லை. அடிப்பட்டையில் பஞ்சை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தி இழுத்தாள். மறுபடி ஒருமுறை. பஞ்சு பொன்னிறமானது. பட்டை வெறும் பட்டையானது. மூலையில் இருந்த கருஞ்சிவப்பை மட்டும் தொடவில்லை.

"பேரு ஓடாதுங்கண்ணா" என்றாள், வெங்கடப்பனைப் பார்க்காமலே.

வெங்கடப்பன் வாய்க்குள் முனகினார். "முள்ளுதான் ஓடும்."

அவள் கடிகாரத்தைத் தினேஷ்குமாரிடம் நீட்டினாள். "மாட்டு தம்பி. நேராப் பாத்து மாட்டு." அவன் இரண்டு கையாலும் வாங்கி, ஆணியில் மாட்டி, சாய்வு சரிபார்த்துவிட்டு விலகினான். மாரம்மா ஒன்றும் புரியாமல் சொம்பில் தண்ணீர் நீட்டினாள். மாதேஸ்வரி வாசலுக்குப் போய் விரல்களைத் தேய்த்து அலசிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்டூலில் ஆறிப்போய்க் கிடந்த கேசரித் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.